நியாயமான வாழ்க்கைச் செலவு

திவால் மனு போடச் சொன்னதே அத்தான்தான். சோபாவில் சாய்ந்துகொண்டு, ஆரஞ்சுச் சுளைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து வாயில் போட்டபடி, தலைவலிக்கு மாத்திரை சொல்வதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னார்.

"இதுல யோசிக்கறதுக்கு என்னம்மா இருக்கு? ஒரு மனு, நாலு கையெழுத்து, அவ்வளவுதான். பெரிய பெரிய ஆளுங்களே போடறாங்க. அப்புறம் எவனும் உன் வாசலை மிதிக்க முடியாது. எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார். ஃபீஸை நான் பாத்துக்கறேன்."

"சரி அத்தான்" என்றாள் கிளட்ச்சம்மா.

அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச்சு, கிளட்ச்சு, கிளட்ச்ச மிதிங்க" என்று அவள் போடும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். கற்க வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், பிறகு முகத்துக்கு நேராகவே வந்து, கடைசியில் பள்ளியின் பெயர்ப் பலகையில் அடைப்புக்குறிக்குள் அவளே எழுதிக்கொள்ளும் அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. புருஷன் செத்தபோது கிடைத்த காப்பீட்டுப் பணத்தில் ஒரு பழைய கார் வாங்கி ஆரம்பித்த பள்ளி. பிறகு இன்னொரு கார் வந்தது. தெரு முனையில் ஒரு சின்ன ஆபீஸ். யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய அக்காவின் புருஷன்தான் அத்தான். சரவிளக்குக் கடை வைத்திருந்தார். கூரையிலிருந்து கண்ணாடி மழையாகத் தொங்கும் விளக்குகள், ஒவ்வொன்றும் ஒரு கார் விலை. ஆனால் வங்கிகளில் அவர் பெயர் ஏற்கெனவே நாறிப்போயிருந்தது. "உன் கையெழுத்துக்கு இருக்கற மதிப்பு எனக்கு இல்லம்மா. உன் பேர்ல வாங்கிக்கலாம், தவணையை நான் கட்டறேன்" என்றார். அந்த முதல் வாக்கியத்தில்தான் அவள் விழுந்தாள். அவளுடைய கையெழுத்தைப் பற்றி அதுவரை யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்று கடன் வாங்கினார்கள். சில மாதங்கள் தவணை கட்டினார். பிறகு வியாபாரம் படுத்துவிட்டது என்றார். பிறகு, "கொஞ்சம் சுழற்சிக்கு வேணும்" என்று பள்ளியின் வருமானத்திலிருந்தும் மாதாமாதம் தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அவளும் அனுப்பினாள். அக்கா வீடாயிற்றே. கடைசியில் வசூல்காரர்கள் பள்ளிக்கே வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் பிள்ளைகளின் முன்னால் நின்று கத்த ஆரம்பித்தார்கள். கற்க வந்தவர்கள் நின்றுபோனார்கள். ஒரு காரை வங்கி இழுத்துக்கொண்டு போனது. மற்றதையும் இழுப்பதற்குள், "என் பேருக்கு மாத்திடு, பத்திரமா இருக்கும், எல்லாம் அடங்கினதும் திருப்பித் தரேன்" என்று அத்தான் மாற்றிக்கொண்டார். பள்ளியை மூடிவிட்டு, இன்னொருவர் நடத்தும் பள்ளியில் சம்பளத்துக்குச் சேர்ந்தாள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் அத்தானை நேரம் சரியில்லாத மனிதர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆரஞ்சுப் பழத்து நாள் வரைக்கும்.

அன்று அவர் வீட்டிலிருந்து இறங்கி வரும்போது கீழே அவளுடைய கார் நின்றது. பளபளவென்று துடைத்திருந்தார்கள். பழக்க தோஷத்தில் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பக்கத்து இருக்கையின் காலடியில், கற்றுக்கொடுப்பவர் மிதிக்கிற கிளட்ச்சையும் பிரேக்கையும் காணவில்லை. அவை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். அவற்றின் மேல் பாதி மூடியபடி ஒரு புது ரப்பர் விரிப்பு.

மேலே பார்த்தாள். அத்தான் பால்கனியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தான், இந்த பெடல் ரெண்டும் எங்க?"

"அதுவா, பழைய இரும்புக்குப் போட்டாச்சு. காலை இடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா" என்றார்.

திருப்பித் தரப்போகிற காரில் யாரும் அதைப் பிடுங்க மாட்டார்கள். அவளுக்கு அது புரிந்தபோது நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஒதுங்கி நின்றாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

அத்தான் சொன்ன வக்கீலிடம் அவள் போகவில்லை. தன்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெண் வக்கீலிடம் போனாள். மூன்று முறை தேர்வில் தோற்று, நான்காம் முறை ஒரு குப்பைத்தொட்டியைத் தள்ளிவிட்டும் எப்படியோ தேறியவள். அவளுடைய அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில், ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் பல் குடையும் சத்தம், மூடினால் புழுக்கம். மூடியே வைத்திருந்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் வக்கீல். "மனு போட்டா கடன் எல்லாம் மறுநாளே காத்துல போயிடாது. மூணு வருஷம் உங்க சம்பளத்துல, நீங்க வாழறதுக்கு நியாயமான செலவு போக மீதி கடன்காரங்களுக்குப் போகும். அதனால அந்தச் செலவு என்னன்னு நாம ஒழுங்கா காட்டணும். மாசம் உங்களுக்கு என்ன ஆகுது?"

கிளட்ச்சம்மா அதை யோசித்துத்தான் வந்திருந்தாள். அறை வாடகை, அரிசி, பருப்பு, கேஸ், பேருந்து, கரண்ட். விரல் மடக்கிச் சொன்னாள்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தாள். "இது செலவு இல்ல மேடம், உண்ணாவிரதம். சோப்பு எங்க?"

"இருக்கறத வச்சு ஓட்டிக்குவேன்."

"செருப்பு? மருந்து? தலைக்கு எண்ணெய்? போன்? ஒரு நாள் உடம்புக்கு முடியலன்னா?"

"ரோஷம் உள்ளவ குறைச்சலாத்தான் சாப்பிடுவா. கடன் வச்சிருக்கேன். கூச்சம் வேணாமா?"

"உங்க கூச்சத்தைக் கோர்ட்டு ஏத்துக்கிட்டா என்ன ஆகும் தெரியுமா? இவங்களுக்கு இவ்வளவே போதும்னு மீதியை எடுத்துக்குவாங்க. ரெண்டு மாசத்துல பல் வலி வரும், கைமாத்து வாங்குவீங்க, மனுவே கெட்டுப்போகும். அதிகமா எழுதினாலும் பொய், கம்மியா எழுதினாலும் பொய். மனுஷங்க பல்லு தேய்ப்பாங்கன்னு அவங்களுக்கும் தெரியும்."

கிளட்ச்சம்மா வாயை மூடிக்கொண்டாள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி ஆறு மாதமாக ஒரு பக்கமாகத்தான் மென்றுகொண்டிருந்தாள்.

"கீழதான் ஆஸ்பத்திரி, பக்கத்துலயே. அடைச்சுக்கிட்டுப் போங்க. அவசியமான செலவு, மனுவுக்கு முன்னாடி செய்யலாம்" என்றாள் வக்கீல், அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு. பிறகு வங்கிக் கணக்கின் தாள்களைப் புரட்டினாள். அவளுடைய விரல் ஓரிடத்தில் நின்றது. அடுத்த பக்கத்திலும் நின்றது. "இது மாசா மாசம் யாருக்குப் போகுது?"

"எங்க அத்தானுக்கு."

"இந்த வீட்டுத் தவணை?"

"அதுவும் அவங்க வீடுதான். அக்கா பேர்ல."

"வச்சிருந்த காரு?"

"அத்தான் பேருக்கு மாத்தினேன். அவர்தான் சொன்னார்."

வக்கீல் தாள்களை மூடி வைத்தாள். "சொந்தக்காரங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள சும்மா குடுத்தது எல்லாத்தையும் சொல்லணும். மறைச்சா உங்களுக்குத்தான் ஆபத்து, ஜெயில் வரைக்கும் போகலாம்."

"சொல்லிட்டா?"

"கோர்ட்டு ஒரு பொறுப்பாளரைப் போடும். அவர் உங்க அத்தானைக் கூப்பிட்டுத் திருப்பிக் கேப்பார்."

"இன்னொரு தரம் சொல்லும்மா."

வக்கீல் இன்னொரு தரம் சொன்னாள். பல் வலியையும் மறந்து கிளட்ச்சம்மா இரண்டு பக்கமும் பல்லைக் கடித்தாள்.

"ஆனா திரும்பி வர்ற பணம் உங்க கைக்கு வராது மேடம். பேங்குக்குத்தான் போகும். ஒரு காசு உங்களுக்குக் கிடைக்காது. அதைத் தெரிஞ்சுக்கங்க."

"எனக்கு எதுக்கு? அவர்கிட்ட இல்லாம போனா போதும்."

அதிலிருந்து சில மாதங்கள் அவள் வாழ்ந்த வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்தவர்கள், பொம்பளை திருந்திவிட்டாள், சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். வக்கீல் போட்டுக்கொடுத்த அளவுக்குள் நின்றாள். புதுக்கடன் கிடையாது. யாருக்கும் தனியாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. பள்ளி நடந்த நாளில் கைமாற்றுக் கொடுத்திருந்த பால்காரர் முறைத்தபோதுகூட, "எல்லாரோடவும் சேர்த்து உங்களுக்கும் வரும், தனியா குடுத்தா தப்பாயிடும்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அது சுட்டது. அந்தச் சூட்டையும் அத்தான் பெயரில் சேர்த்து வைத்தாள்.

பல்லை அடைத்துக்கொண்டாள். அடி தேய்ந்த செருப்பை மாற்றினாள். தினம் ஒரு முட்டை வேகவைத்துச் சாப்பிட்டாள். முன்பெல்லாம் தனக்கென்று ஒரு முட்டை வாங்க அவளுக்கு மனசு வந்ததில்லை. இப்போது உரிக்கும்போதே ஒரு தெம்பு வந்தது. பழி வாங்குவதற்கு உடம்பு வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டு யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. மாலையில் வேலை முடிந்து பேருந்தை விட்டுவிட்டு நடந்து வரும் நாட்களில், ஒவ்வொரு எட்டுக்கும் அத்தானின் முகத்தை ரோட்டில் போட்டு மிதித்துக்கொண்டு வந்தாள். அறைக்கு வந்து சேரும்போது நன்றாகப் பசிக்கும்.

அக்கா வீட்டுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. வாரக்கடைசியில் போய், கீழே நிற்கும் காரைத் திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறி, அக்கா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அத்தான் அவசரப்பட்டார். வசூல்காரர்கள் இப்போது விளக்குக் கடைக்கும் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"எப்பம்மா போடப் போற?"

"தயார் பண்ணிக்கிட்டே இருக்கேன் அத்தான். செலவெல்லாம் சரியா காட்டணுமாம்."

"செலவு என்ன பெரிய செலவு, நீ ஒண்டிக்கட்டை" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தங்கை தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

ஒரு நாள் பகலில், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, அவள் அத்தானுக்குப் போனில் ஒரு கேள்வி அனுப்பினாள். காரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று. குழந்தை கேட்பதுபோலக் கேட்டிருந்தாள். எழுதச் சோம்பேறியான அத்தான் குரலாகவே பதில் அனுப்பினார். "எனக்குத் தர வேண்டிய கடனுக்குப் பதிலா குடுத்தேன்னு சொல்லிடு. எங்கயும் எழுதிக் கிழுதி வைக்காத. இதையெல்லாம் எவன் நோண்டப் போறான்?"

அதை வக்கீலிடம் போட்டுக் காட்டியபோது அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "நீங்க வேணும்னே கேட்டீங்களா?"

"கேள்விதான கேட்டேன். பதில் அவருது."

"உங்ககிட்ட நான் வண்டி கத்துக்கிட்டப்ப நீங்க இப்படி இல்ல மேடம்."

"அப்ப எனக்கு வண்டி இருந்துச்சு" என்றாள் கிளட்ச்சம்மா.

மனு போட்டாயிற்று. உள்ளது உள்ளபடி எல்லாம் அதில் இருந்தது. அத்தானுக்குச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது. அடுத்த வாரம் ஒரு மத்தியானம், நகல் எடுக்கும் கடைக்கு மேலிருந்த அவளுடைய ஒற்றை அறைக்கு அக்காவும் அத்தானும் வந்து நின்றார்கள். அவர் அந்த அறைக்கு வருவது அதுதான் முதல் தடவை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். கீழே இயந்திரம் தடதடவென்று ஓடியதில் கட்டில் கொஞ்சம் அதிர்ந்தது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? குடும்பத்துக்குள்ள நடந்ததை எல்லாம் கோர்ட்டுல கொண்டுபோய்க் கொட்டலாமா?"

"உள்ளதைச் சொல்லணும்னு சட்டம் அத்தான். மனுப் போடச் சொன்னதே நீங்கதான?"

"நான் சொன்னது உன் கடனுக்கு."

"என் கடன் எங்க போச்சுன்னு கேக்கறாங்க. நான் என்ன பண்ண?"

அவர் குரலை இறக்கினார். திருத்திக் கொடுத்துவிடலாம், தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடலாம், ஒரு வருஷத்துக்கு அவள் வாடகையையும் சாப்பாட்டையும் தான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். "உனக்கு மாசம் என்ன ஆகும்னு சொல்லு. அப்படியே தந்துடறேன்."

மாசம் என்ன ஆகும் என்பது அவளுக்கு இப்போது மனப்பாடம். பால், முட்டை, பற்பசை வரை ஒப்பிப்பாள். ஆனால் அதை அந்த ஆளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அதைக் கோர்ட்டுல சொல்றேன், கேட்டுக்குங்க" என்றாள்.

அப்போதுதான் அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்த அக்கா பேசினாள். "என் வீடு போயிடும்டி."

"தெரியும்."

"நான் உனக்கு என்னடி பண்ணினேன்?"

கிளட்ச்சம்மா அத்தானைக் கை காட்டினாள். "இவர் என் காரைத் திருப்பித் தர மாட்டாருன்னு எனக்கு எப்பத் தெரியும் தெரியுமா? அந்த பெடலைப் பிடுங்கினப்ப. பதினாலு வருஷம் என் காலு மிதிச்ச பெடல் அது. அதைப் போய் இரும்புக் கடையில..."

"அதை நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் அக்கா.

கிளட்ச்சம்மா நீட்டிய கையை இறக்கினாள்.

"நான்தான பக்கத்து சீட்டுல உக்காருவேன்? காலை நீட்ட முடியல. அதான் சொன்னேன். நீ இதை இவ்வளவு பெருசா..."

"திருப்பித் தரணும்னு உனக்குத் தோணவே இல்லையாக்கா?"

அக்கா தன் கைப்பையின் வாரைத் திருகினாள். பிறகு, "உனக்கு ஒரு ஆளுக்கு எதுக்குக் காருன்னு நினைச்சேன்" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

அத்தனை மாதமாக ஒரே முகத்தைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போது இன்னொரு முகமும் சேர்ந்துகொண்டது. அக்கா மேல் ஒரு துளி இரக்கம் மிச்சம் இருந்தது. மனுவைத் திருத்தச் சொல்லி அக்கா தனியாக வந்து கேட்டிருந்தால் ஒருவேளை மனசு இளகியிருக்கும். அந்தத் துளியும் அந்த ஒரு பேச்சில் வற்றிப்போனது. எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "எனக்கு வகுப்பு இருக்கு" என்றாள்.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குடுவை. பொறுப்பாளர் ஜலதோஷம் பிடித்த நடுத்தர வயதுக்காரர். கைக்குட்டையை நாலாக மடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, மறுபடி நாலாக மடித்து வைப்பார். வங்கிகளிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பின்வரிசையில் அத்தானும் அக்காவும். அத்தானுக்குப் பக்கத்தில் அவருடைய வக்கீல் நண்பர்.

முதலில் அவள் முறை. பொறுப்பாளர் அவளுடைய செலவுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவளுக்குக் காது மடல் கொதித்தது. உள்ளாடை, மூட்டு வலித் தைலம், மாதம் இத்தனை சோப்பு. வங்கிக்காரர் ஒருவர் குறிப்பு எடுத்துக்கொண்டார். நாலு பேர் முன்னால் குளியலறைக் கதவைத் திறந்து வைத்ததுபோல இருந்தது.

"தலைச்சாயம்னு ஒண்ணு போட்டிருக்கீங்க. அவசியமா?"

"வண்டி கத்துக்க வர்றவங்க, நரைச்ச தலையைப் பாத்தா, பிரேக் போடறதுக்குள்ள இவங்க தூங்கிடுவாங்களோன்னு பயப்படறாங்க சார்."

பொறுப்பாளர் தும்மினாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. "இருக்கட்டும்" என்றார். முட்டையையும் விட்டுவிட்டார். ஒரு வரியைக்கூட அவர் வெட்டவில்லை. "நியாயமா இருக்கு" என்று சொல்லித் தாளைத் திருப்பி வைத்தபோது, யாரோ தோளில் தட்டிக்கொடுத்ததுபோல அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு அத்தானைக் கூப்பிட்டார்கள். கார், வீட்டுத் தவணை, மாதாமாதம் வந்த பணம். கடனுக்குப் பதிலாகக் கார் என்று ஆரம்பித்தார். எந்தக் கடன், எப்போது, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார் பொறுப்பாளர். இல்லை. கிளட்ச்சம்மாவின் வக்கீல் போனை மேஜைமேல் வைத்தாள். "இதையெல்லாம் எவன் நோண்டப் போறான்?" என்று அத்தானின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பொறுப்பாளர் கைக்குட்டைக்கு மேலாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

அத்தான் வழி மாற்றினார். "வாங்கினது வாங்கினதுதான் சார். ஆனா திருப்பிக் குடுக்க என்கிட்ட எதுவும் இல்ல. குடும்பம் நடத்தறதே கஷ்டமா இருக்கு."

"அப்படியா? அப்ப உங்க குடும்பச் செலவைச் சொல்லுங்க" என்றார் பொறுப்பாளர், புதிதாக ஒரு தாளை எடுத்துக்கொண்டு. "அந்தம்மா சொன்ன மாதிரியே. சாப்பாட்டுல இருந்து ஆரம்பிங்க."

அத்தான் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு நாளும் அரிசி வாங்கியதில்லை. சரவிளக்கின் விலையைத் தூக்கத்தில்கூடச் சொல்வார். ஒரு லிட்டர் எண்ணெய் என்ன விலை என்று தெரியாது. குறைவாகச் சொன்னால் ஏழையாகத் தெரியலாம் என்று கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொன்னார்.

"இதுல ஒருத்தர் சாப்பிடறதே கஷ்டம். நீங்க எத்தனை பேர்?"

"நாலு சார்."

"நாலு பேரும் சாப்பிடறீங்களா?"

வங்கிக்காரர்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அத்தான் அவசரமாகத் தொகையை ஏற்றினார். அப்படியென்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வி வந்தது. இறக்கினார். பெட்ரோல்? கிளப்புச் சந்தா? பிள்ளைகள் படிப்பு? ஒவ்வொன்றுக்கும் அவர் திரும்பித் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்களைப் பாக்காதீங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றார் பொறுப்பாளர். சட்டைக் கழுத்தை அத்தான் விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார். முதுகில் வேர்வை பெரிய வட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது.

கிளட்ச்சம்மா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கொட்டவில்லை. நல்ல வெயிலில் நடந்துவந்து ஒரு செம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடிப்பதுபோல இருந்தது. கொஞ்சம் இரக்கம் வருமோ என்று உள்ளே தடவிப் பார்த்தாள். இல்லை. தன் வக்கீல் எழுந்திருக்கப் போனபோது கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "இரும்மா, முடியட்டும்" என்றாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாங்கியதையெல்லாம் அத்தான் திருப்பிக் கட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. காரை எடுத்துக்கொண்டார்கள். விளக்குக் கடையிலிருந்த சரக்கை ஏலம் போட்டார்கள். சரவிளக்குகளைச் சாக்கில் சுற்றி ஆட்கள் தூக்கிவந்தபோது, கண்ணாடிகள் உள்ளே கிணுகிணுத்தன. அவள் தன் சாப்பாட்டு நேரத்தில் எதிர்ச்சாரியில் நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றபடி, கடைசி விளக்கு லாரியில் ஏறும்வரை பார்த்தாள். அத்தான் அவளைப் பார்த்தார். அவள் ஒளிந்துகொள்ளவில்லை. வீடும் விற்பனைக்குப் போனது. அக்கா குடும்பம் இரண்டு அறை வாடகை வீட்டுக்குப் போனது. அத்தான் தானும் திவால் மனு போட்டார். நண்பர் வக்கீல் ஃபீஸை முன்கூட்டியே கேட்டாராம்.

அவளுக்கு ஒரு காசு வரவில்லை. மாதாமாதம் சம்பளத்தில், ஒத்துக்கொண்ட செலவு போக மீதி பொறுப்பாளருக்குப் போனது. அவள் அறையிலேயே இருந்தாள், நடந்தே வேலைக்குப் போனாள்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா வந்தாள். தனியாக, பேருந்தில். ஒரு துணிக்கடையில் விற்பனைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். நாளெல்லாம் நின்று கால் வீங்கியிருந்தது. கிளட்ச்சம்மா நாற்காலியைத் தள்ளினாள், டீ போட்டாள். இருவரும் குடித்தார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்கா கேட்டாள்.

"இப்ப உனக்குச் சந்தோஷமாடி?"

இல்லை என்று தங்கை சொல்வாள், இருவரும் அழுவோம், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் அவள் வந்திருக்க வேண்டும். முகத்தை அதற்குத் தயாராக வைத்திருந்தாள்.

"ஆமாக்கா" என்றாள் கிளட்ச்சம்மா.

கோபப்படுவாள் என்று கிளட்ச்சம்மா எதிர்பார்த்தாள். அக்கா குனிந்து வீங்கிய காலைத் தடவிவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அரிசி விலை தெரியாம அங்க நின்னு முழிச்சாரே... இருபத்தெட்டு வருஷம் என்கிட்ட கணக்குக் கேட்ட மனுஷன். அப்ப எனக்கும் உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

அக்காவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சேர்ந்து சிரிக்கக் கூப்பிடுகிற துடிப்பு. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் இருவரும் சிரித்த காலத்திலிருந்து கிளட்ச்சம்மாவுக்கு அது தெரியும். அவளுக்கும் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்தினாள்.

"அந்தச் சந்தோஷத்துல உனக்குப் பங்கு இல்லக்கா" என்றாள். "அது நான் ஒவ்வொரு காசா எண்ணி, நடந்து நடந்து, சேர்த்தது. உனக்கு வேணும்னா நீ தனியா சேர்த்துக்க."

அக்கா எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, அடுத்த பேருந்து எப்போது என்று மட்டும் கேட்டாள். கிளட்ச்சம்மா சொன்னாள். வீங்கிய காலோடு அவள் ஒவ்வொரு படியாக இறங்கிப் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கீழே நகல் கடைக்காரர் இயந்திரத்தைப் போட்டார். கிளட்ச்சம்மா இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாலை வகுப்புக்குத் தலை வாரிக்கொண்டாள்.